ஜெஃபர்சனின் படுக்கையறைக்குள் நாவலாசிரியர் நுழையலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, 18 பிப்ரவரி 2024

பார்பரா சேஸ்-ரிபூ 1979இல் வெளியிட்ட ‘சாலி ஹெமிங்ஸ்’ நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவருடைய வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் இருந்த உறவைச் சொல்லும் நாவல் அது. அந்தப் பெண் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை, ஜெஃபர்சனும் அவளைப் பற்றி மனம் திறந்து எதுவும் எழுதவில்லை. அப்படியிருக்க, இறந்துபோன ஒரு தலைவரின் படுக்கையறைக்குள் நுழைய நாவலாசிரியருக்கு யார் அனுமதி கொடுத்தது? நடந்தது தெரியாமல் எழுதிவிட்டு அதை வரலாற்று நாவல் என்று அழைக்கலாமா?

18 பிப்ரவரி 2024, இரவு

அந்த அறைக்குள் தினமும் போய் வந்தவர் சாலி ஹெமிங்ஸ்தான். ஜெஃபர்சனின் படுக்கையறையையும் உடுப்புகளையும் கவனித்துக்கொள்வது தன் தாயின் வேலை என்று அவருடைய மகன் மேடிசன் சொல்லியிருக்கிறார். ஆகவே அதை ஒரு தலைவரின் அந்தரங்கம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு உடைமையாக இருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதே சுவர்களுக்குள்தான் கழிந்தது. அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கதவைத் திறக்காமல் சொல்ல முடியாது.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஜெஃபர்சனின் மனைவி மார்த்தா 1782 செப்டம்பரில் இறந்தார். மார்த்தாவின் தகப்பனார் ஜான் வேல்ஸ். அவருக்கும் அவருடைய அடிமையான எலிசபெத் ஹெமிங்ஸுக்கும் பிறந்த ஆறு பிள்ளைகளில் கடைசிப் பெண் சாலி. நம் வழக்கில் சொன்னால் சாலி ஜெஃபர்சனுக்குக் கொழுந்தியாள் முறை. 1773இல் வேல்ஸ் இறந்தபோது அவருடைய நிலங்களோடு 135 அடிமைகளும் மகள் வழியாக மருமகனுக்கு வந்தார்கள். அந்த ஆண்டில்தான் பிறந்திருந்த சாலியும் அவர்களில் ஒருவர்.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய கை அவருடையது. தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவரும் அவரே. இந்த இரண்டையும் ஒரே மனிதராக நிறுத்திப் பார்க்கும் துணிவு வரலாற்றாசிரியர்களுக்கு நெடுங்காலம் வரவில்லை. அவர்கள் மூடி வைத்திருந்த ரகசியத்தை ஒரு நாவல் திறந்தது என்பதே என் கருத்து.

19 பிப்ரவரி 2024

நேற்று இரவு எழுதியதோடு இதையும் சேர்க்க விரும்புகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதைகளைவிடப் பதிவேடுகளை அதிகம் படித்த கண் என்னுடையது. ஜெஃபர்சனை எனக்கு நெருக்கமாக்கியதும், பிறகு அவர்மேல் கோபம் வரச் செய்ததும் அவருடைய கணக்குப் புத்தகங்களே.

1767 முதல் 1826 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அன்றாடச் செலவை விடாமல் எழுதியவர் அவர். ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதினார், எழுதியவற்றுக்கும் வந்தவற்றுக்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தார். வெப்பநிலையைக் குறித்தார், விதைத்த நாளைக் குறித்தார். இவ்வளவு எழுதியவருக்கும் அவருடைய மனைவிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் ஒரு கடிதம்கூட இன்று நம் கையில் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதில் அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமானது.

அவருடைய பண்ணைப் பதிவேட்டில் சாலியின் பிள்ளைகள் தாயின் பெயருக்குக் கீழே வருகிறார்கள்: பெவர்லி, ஹாரியட், மேடிசன், ஈஸ்டன். தகப்பன் பெயர் இல்லை. எத்தனை கஜம் துணி, எத்தனை கம்பளி என்ற கணக்கு இருக்கிறது. 1822இல் பெவர்லியும் ஹாரியட்டும் ஜெஃபர்சனின் பண்ணைவீடான மான்டிசெல்லோவை விட்டுப் போனார்கள். பதிவேடு அவர்களை ஓடிப்போனவர்கள் என்று குறிக்கிறது. ஆனால் அந்தப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்த எட்மண்ட் பேக்கன் பிற்காலத்தில் சொன்னது வேறு. ஜெஃபர்சன் சொன்னபடி, ஹாரியட் பிலடெல்பியா செல்ல வண்டிக் கட்டணத்தைத் தாமே கட்டி, ஐம்பது டாலரையும் கையில் கொடுத்து அனுப்பியதாக அவர் சொன்னார். எசமானரே வழிச்செலவு கொடுத்து அனுப்பிய பெண்ணை எசமானரின் புத்தகம் ஓடிப்போனவள் என்று எழுதியிருக்கிறது. பதிவேடு பொய் சொல்லாது என்று இளம் எழுத்தர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

19 பிப்ரவரி 2024, மாலை

ஆறு பிள்ளைகளின் பிறப்பு ஆவணங்களில் உண்டு. மேலே நான் சொன்ன நால்வர் வளர்ந்து ஆளானவர்கள். மற்ற இருவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள், அவர்களில் ஒருத்தியின் பெயரும் ஹாரியட்தான். இறந்த மகளின் பெயரையே அடுத்த மகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

22 பிப்ரவரி 2024

மான்டிசெல்லோவை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். பார்த்திருக்கிறேன். 2019 அக்டோபரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் அருகே இருக்கும் அந்த மலைவீட்டுக்கு மருமகள் என்னை அழைத்துப் போனாள். மான்டிசெல்லோ என்றாலே சிறு மலை என்றுதான் பொருளாம்.

முதலில் பெரிய வீட்டைக் காட்டினார்கள். ஜெஃபர்சனின் கட்டில், படுக்கையறைக்கும் எழுத்தறைக்கும் நடுவே சுவரில் குடைந்த ஒரு மாடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் இறங்கினால் படுக்கையறை, மறு பக்கம் இறங்கினால் எழுத்து மேசை. கட்டிலுக்கு மேலே துணி வைக்கும் சிற்றறை, அதற்குக் காற்று வர முட்டை வடிவத் துளைகள். வழிகாட்டி அந்த வீட்டின் அமைப்பில் இருந்த அறிவுக்கூர்மையை விளக்கிக்கொண்டே போனார். நான் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிற்றறையில் உடுப்புகளை அடுக்கியவரின் பெயர் எனக்கு அப்போது தெரியாது.

பிறகு வீட்டின் தெற்குச் சிறகுக்கு வந்தோம். மலைச்சரிவோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டிய அறைகளின் வரிசை அது. அவற்றில் ஓர் அறை சாலி வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் கருதுவது. 2018இல்தான் அதைக் காட்சிக்குத் திறந்தார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்த இடம் பார்வையாளர்களின் கழிப்பறையாக இருந்தது. சாலியின் படம் எதுவும் கிடையாது என்பதால் உள்ளே உருவம் எதையும் வைக்கவில்லை. ஆளில்லாத ஓர் உடை மட்டும் நிற்கிறது, சுவரில் நிழலும் அவருடைய மகனின் சொற்களும் ஓடுகின்றன. எங்களோடு வந்த கூட்டத்தில் சலசலத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அங்கே அடங்கிப்போனார்கள்.

ஊர் திரும்பிய பிறகுதான் நாவலை வாங்கிப் படித்தேன். முகம் இல்லாத அந்த உடைக்குள் ஓர் உயிரை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நாவல் அதைச் செய்தது. ஆகவே அதன்மேல் எனக்குள்ள பற்று நடுநிலையானது அன்று என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

25 பிப்ரவரி 2024

நாவலை நான்கு நாட்களாக மறுபடி புரட்டுகிறேன். முதல் வாசிப்பில் எனக்கு உறுத்தாத ஒன்று இப்போது உறுத்துகிறது. அது காதல்.

ஜெஃபர்சன் 1784இல் மூத்த மகளையும், சாலியின் அண்ணன் ஜேம்ஸையும் அழைத்துக்கொண்டு பாரிஸ் போனார். அங்கே ஜேம்ஸ் சமையற்கலை பயின்றார். வர்ஜீனியாவில் விட்டுவந்த கடைக்குட்டி லூசி கக்குவான் இருமலில் இறந்ததால், இன்னொரு மகளான பாலியையும் தம்மிடம் அனுப்பச் சொன்னார். துணைக்கு விவரம் அறிந்த பெண்ணாக, ஏற்கெனவே பெரியம்மை கண்டவளாக ஒருத்தியை அனுப்பச் சொல்லியிருந்தார். அவர் மனத்தில் வைத்திருந்த இசபெல் பேறுகாலம் நெருங்கியதால் வர முடியவில்லை. 1787இல் எட்டு வயதுப் பாலிக்குத் துணையாகக் கடல் கடந்து வந்தவள் பதினான்கு வயது சாலி. லண்டனில் அவர்களை இறக்கி வைத்துக்கொண்ட, அங்கிருந்த அமெரிக்கத் தூதரின் மனைவியான அபிகெயில் ஆடம்ஸ் அம்மையார், வந்தவளும் ஒரு குழந்தைதான், பாலியைவிட இவளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது என்ற பொருள்பட ஜெஃபர்சனுக்கு எழுதினார். ஜெஃபர்சனுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் என் மனம் பாரிஸின் அழகில் நிற்பதில்லை. கப்பலில் ஐந்து வாரம் வந்து இறங்கிய ஒரு சிறு பெண், மொழி தெரியாத ஊரில், அண்ணன் ஒருவனைத் தவிர யாருமில்லாமல் நிற்கிறாள் என்பதுதான் முன்னால் வருகிறது. நாவல் அவளுக்குள் ஒரு மயக்கத்தையும், நாளடைவில் ஒரு காதலையும் வளர்க்கிறது. மிக நுட்பமாக எழுதப்பட்ட பக்கங்கள் அவை. ஆனால் அந்தக் காதலுக்குச் சான்று என்ன? ஒரு சொல்கூட அவளுடையது நமக்குக் கிடைக்கவில்லை.

இருப்பது மகனின் வாக்குமூலம். பிரெஞ்சு மண்ணில் சாலி தன் விடுதலையைக் கேட்டிருக்க முடியும். அவளை வர்ஜீனியாவுக்குத் திரும்பச் சொன்னபோது வர மறுத்தாள். தனிச் சலுகைகளும், பிறக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தோரு வயதில் விடுதலையும் தருவதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி 1789இல் திரும்பினாள். மேடிசன் சொல்வது இவ்வளவே. அதில் காதல் என்ற சொல் இல்லை, ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பதினாறு வயதுப் பெண், வயிற்றில் பிள்ளையோடு, உலகம் அறிந்த ஓர் இராசதந்திரியோடு பேரம் பேசித் தன் பிறக்காத பிள்ளைகளுக்கு விடுதலை வாங்கியிருக்கிறாள். என் கண்ணுக்கு இது எந்தக் காதல் காட்சியையும்விடப் பெரியது. நாவல் அந்தப் பேரத்தின் கடினத்தைக் காதலால் இளக்கிவிட்டது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. 2019இல் இதே பக்கங்களில் நான் கண்ணீர் விட்டேன் என்பதும் உண்மை.

26 பிப்ரவரி 2024

பிரெஞ்சுச் சட்டம் ஜெஃபர்சனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார். தெரியும், ஐயா. சாலி வருவதற்கு ஓராண்டு முன்பு, 1786இல், அடிமைச் சிறுவன் ஒருவனைப் பிரான்சுக்கு அழைத்துவந்த ஓர் அமெரிக்கருக்கு அவரே ஆலோசனை எழுதினார். அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டால் தொல்லை வராது, சிறுவன் சின்ன வயதினன், விடுதலை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது என்பது அதன் கருத்து. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பாரிஸ் அத்தியாயத்தைப் படித்தால் அந்த வீட்டின் காற்றே மாறிவிடுகிறது.

அந்தக் காலம் அப்படி என்ற பதிலையும் சிலர் தருகிறார்கள். அதே காலத்தில் அதே வீட்டில் ஒரு சிறு பெண் வர மறுத்தாள் என்பதையும் அந்தக் காலத்தின் பகுதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2 மார்ச் 2024

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. ரகசியத்தை நாவல் திறந்தது என்றேன். அது ரகசியமாகவே இருந்ததில்லை.

1802 செப்டம்பர் முதல் நாள், ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக இருக்கும்போதே, ரிச்மண்ட் நகரத்து ‘ரெக்கார்டர்’ இதழில் ஜேம்ஸ் காலெண்டர் அதை அச்சிட்டார், சாலி என்ற பெயரையும் எழுதினார். காலெண்டர் நல்ல நோக்கத்தோடு எழுதியவர் அல்லர். முன்னர் ஜெஃபர்சனிடம் பணம் பெற்று எதிரணியைத் தாக்கியவர், பிறகு கேட்ட அஞ்சல் அதிகாரி பதவி கிடைக்காத கோபத்தில் திரும்பியவர். அந்தக் கோபத்தைக் காட்டியே செய்தியையும் தள்ளிவிடப் பிற்காலத்தவருக்கு வசதியாயிற்று.

நாவலும் புதிதன்று. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த வில்லியம் வெல்ஸ் பிரவுன் 1853இல் லண்டனில் வெளியிட்ட ‘க்ளோட்டல்’ நாவலில், குடியரசுத் தலைவரின் மகள் ஏலத்தில் விற்கப்பட்டு, இறுதியில் துரத்துபவர்களிடமிருந்து தப்ப பொட்டோமாக் ஆற்றில் குதிக்கிறாள். ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நாவல் என்று அதைச் சொல்வார்கள். வாய்வழியாக வந்த செய்தியை வைத்து அவர் கட்டிய கதை அது. சேஸ்-ரிபூவுக்கு 126 ஆண்டுகள் முந்தியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 1873 மார்ச் 13 அன்று ஒஹையோ மாநிலத்து ‘பைக் கவுண்டி ரிபப்ளிக்கன்’ இதழில் வந்த மேடிசன் ஹெமிங்ஸின் வாக்குமூலம். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது, தச்சுத் தொழிலாளி. தம் பாட்டி யார், தாய் யார், தகப்பன் யார், பாரிஸில் என்ன நடந்தது, உடன்பிறந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நிதானமாகச் சொல்கிறார். வெள்ளைக்காரப் பேரப்பிள்ளைகளிடம் அன்பு காட்டிய அந்த மனிதர் எங்களிடம் தகப்பனுக்குரிய பாசத்தைக் காட்டியதில்லை என்கிறார். எழுத்தைக்கூட அந்த வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாராம். குற்றம் சாட்டும் தொனி இல்லை, சலுகை கேட்கும் தொனியும் இல்லை.

அச்சில் இருந்த இந்தச் சாட்சியத்தை ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பதிலாக, ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களே பொறுப்பு என்று அவருடைய பேரப்பிள்ளைகள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். நான் மேலே குறிப்பிட்ட மேற்பார்வையாளர் பேக்கனையும் சாட்சிக்கு அழைத்தார்கள். ஹாரியட் ஜெஃபர்சனின் மகள் அல்லள், வேறொருவர் சாலியின் அறையிலிருந்து வெளியே வருவதைப் பல காலைகளில் தாமே பார்த்ததாக அவர் சொன்னார். ஹாரியட் பிறந்தது 1801இல். பேக்கன் அங்கே மேற்பார்வையாளர் ஆனது 1806இல்.

1997இல் சட்டப் பேராசிரியரான அனெட் கார்டன்-ரீட் இந்த இரண்டு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துக் காட்டினார். மேடிசன் சொன்னவற்றில் சரிபார்க்க முடிந்தவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும், பேரப்பிள்ளைகளின் கூற்றுகள் எங்கெங்கே இடறுகின்றன என்பதையும் பார்த்தவுடன், ஒரு தரப்பை நம்புவதற்கும் மறு தரப்பை நம்பாததற்கும் தோலின் நிறம் தவிர வேறு காரணம் இருக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆகவே என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். சொல்ல வேண்டியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நாவல் செய்தது, கேட்காமல் இருந்தவர்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்ததுதான்.

3 மார்ச் 2024

மரபணுச் சோதனை என்ன ஆயிற்று என்று மூவர் கேட்டுவிட்டார்கள். ஜெஃபர்சனுக்கு வளர்ந்து ஆளான மகன் இல்லாததால், அவருடைய தகப்பனாரின் உடன்பிறந்தவர் வழி ஆண் சந்ததியினரின் ஒய் குரோமோசோமையும் (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே வருவது அது), ஈஸ்டனின் ஆண் வழிச் சந்ததியினர் ஒருவருடையதையும் ஒப்பிட்டார்கள். முடிவு 1998 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரண்டும் பொருந்தின. கார் குடும்பத்தின் குரோமோசோம் பொருந்தவில்லை. அதாவது பேரப்பிள்ளைகள் சொன்ன விளக்கம் ஈஸ்டனைப் பொறுத்தவரை விழுந்துவிட்டது.

இந்தச் சோதனை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்றுதான் சொல்லும், இன்னார் என்று தனியாகச் சுட்டாது. தம்பி ராண்டால்ஃபைக் கைகாட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் குரோமோசோம் தனியாக நிற்கவில்லை. சாலி கருவுற்ற ஒவ்வொரு முறையும் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார் என்பதை அவருடைய சொந்தக் கணக்குப் புத்தகங்களே காட்டுகின்றன. மேடிசனின் சொல், பிள்ளைகள் அனைவருக்கும் விடுதலை கிடைத்தது, பிறப்புக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மான்டிசெல்லோ அறக்கட்டளை, 2000 சனவரியில், ஆறு பிள்ளைகளுக்கும் அவரே தந்தையாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. ஆய்வுக்கூடம் சொன்ன பிறகு வந்த இந்த ஏற்பு 1873இல் ஏன் வரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

9 மார்ச் 2024

முதலில் கேட்ட நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: “சரி, உறவு உண்மை. ஆனால் காட்சிகள் கற்பனைதானே? படிப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?”

இது நல்ல கேள்வி. இதற்கு நீதிமன்றமே ஒருமுறை பதில் தேட நேர்ந்தது. சேஸ்-ரிபூவின் நாவல் வந்த பிறகு இதே பொருளில் ஒரு நாடகம் எழுதப்பட்டது. நாவலிலிருந்து எடுத்துவிட்டதாக அவர் சொன்னார். வரலாறு பொதுச்சொத்து, அதைத்தான் எடுத்தேன் என்பது நாடக ஆசிரியரின் வாதம். 1991இல் பென்சில்வேனியாவில் கூட்டாட்சி நீதிமன்றம் நாவலாசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது. நடந்த செய்தி யாருக்கும் சொந்தமன்று, ஆனால் அதைச் சுற்றி அவர் கற்பனையால் உருவாக்கியவை அவருடையவை என்றானது. அவர் படைத்ததை வரலாறு என்றே எண்ணுமளவுக்கு அந்த நாவல் உண்மைக்குள் ஊறிப்போயிருந்தது. இது அவர் எழுத்தின் ஆற்றல், அதே காரணத்தால் ஆபத்தும்கூட.

எனக்குப் பிடித்த கற்பனை எது, பிடிக்காதது எது என்று சொல்கிறேன். நாவல் 1830இல், சாலியின் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வருவதில் தொடங்குகிறது. அவர் சாலியை வெள்ளையர் என்று பதிந்துவிடுகிறார். வெள்ளையரும் கறுப்பரும் கூடி வாழும் கலப்புறவுக் குற்றம் ஜெஃபர்சன்மேல் விழாமல் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் செய்வதாக நாவல் சொல்கிறது. அந்தக் காரணம் கற்பனை. ஆனால் 1830 கணக்கெடுப்பில் ஹெமிங்ஸ் வீட்டார் வெள்ளையராகப் பதிவானதும், 1833இல் எடுத்த தனிக் கணக்கில் அதே சாலி கலப்பினத்தவராகப் பதிவானதும் உண்மை. மூன்றே ஆண்டில் ஒரு பெண்ணின் இனம் காகிதத்தில் மாறியிருக்கிறது. ஆவணத்தில் இருக்கும் அந்த முரணிலிருந்து ஒரு காட்சியைப் பிறக்க வைத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பேனாவைப் பிடித்த கை ஒருவருடைய பிறப்பையே தீர்மானிப்பதை நான் பணியில் இருந்தபோதும் கண்டிருக்கிறேன்.

ஜெஃபர்சனே இதைக் கணக்காகப் போட்டவர். 1815 மார்ச்சில் பிரான்சிஸ் கிரே என்பவருக்கு எழுதிய கடிதத்தில், எத்தனை தலைமுறை வெள்ளை இரத்தம் கலந்தால் ஒருவர் சட்டப்படி கறுப்பர் அல்லாதவர் ஆவார் என்பதை எழுத்துகளைக் கொண்டு இயற்கணிதம் போலப் போட்டுக் காட்டுகிறார். மூன்றாம் கலப்பில் கறை நீங்கிவிடும், ஆனால் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமையே என்று விளக்குகிறார். அவர் போட்ட கணக்கில் சரியாகப் பொருந்தும் நான்கு பேர் அதே மலையில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாவலாசிரியருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவர் எழுதும்போது சன்னலுக்கு வெளியே உளிச் சத்தம் கேட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். பிடிக்காதது பாரிஸின் மயக்கம். அதைச் சொல்லிவிட்டேன்.

17 மார்ச் 2024

இன்றைய தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. 1826 மார்ச் 17 அன்றுதான் ஜெஃபர்சன் தம் உயிலுக்கு இணைப்பு எழுதினார்.

உயில் படிப்பது எனக்குப் பழகிய வேலை. ஐந்து பேருக்கு அந்த இணைப்பில் விடுதலை கொடுக்கிறார். அவர்களில் ஒருவர் தச்சரான ஜான் ஹெமிங்ஸ், சாலியின் தம்பி முறை. மேடிசனும் ஈஸ்டனும் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஜானிடம் தொழில் பழகும் இரண்டு பையன்கள் என்று வருகிறார்கள். அவர்கள் இருபத்தோரு வயது நிறையும்வரை ஜானுக்கு உதவ வேண்டும், பிறகு விடுதலை. விடுதலையானவர்கள் ஓராண்டுக்குள் வர்ஜீனியாவை விட்டுப் போக வேண்டும் என்று 1806இல் வந்த சட்டம் இருந்ததால், அவர்கள் அங்கேயே வாழ அனுமதிக்கும்படி சட்டமன்றத்தையும் வேண்டிக்கொள்கிறார். பாரிஸில் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. யார் யாருக்குக் கொடுத்தது என்பது மட்டும் எழுதப்படவில்லை. சாலியின் பெயர் உயிலிலேயே இல்லை. ஜெஃபர்சனின் மகள் மார்த்தா ராண்டால்ஃப் அவரைச் சத்தமில்லாமல் போகவிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. பங்காளி ஒருவர் தம் பாத்தியதையை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் தான செட்டில்மென்ட் பத்திரம் ஒன்று கொண்டுவந்தார். எழுதி வாங்குபவர் கட்டத்தில், தம்மிடம் நெடுங்காலம் ஊழியம் செய்துவரும் இன்னாரின் மகன் என்று இருந்தது. வந்து நின்ற பையனுக்கு அந்தப் பெரியவரின் முகம் அப்படியே இருந்தது. பையனின் தாய் உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் உறவுமுறை என்னவென்று சட்டப்படி கேட்க வேண்டிய இடம். பெரியவர் என்னைப் பார்த்தார், நான் கேட்கவில்லை. பத்திரத்தில் இருந்தபடியே பதிந்தேன். அந்தப் பையனுக்கு வீடு கிடைத்தது. ஆனால் அவனுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தால் ஊழியக்காரியின் மகன் என்றுதான் இருக்கும், அப்படி இருப்பதற்கு நானும் ஒரு காரணம். ஜெஃபர்சனின் இணைப்பை முதன்முதலாகப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

18 மார்ச் 2024

நேற்றைய குறிப்புக்குப் பின்னுரை. விடுதலை பெற்ற ஐவர் போக மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவருக்கு: ஜெஃபர்சன் 1826 சூலை 4 அன்று இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். 1827 சனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வந்தவர்கள் 130 பேர். விடுதலை பெற்றவர்களில் ஒருவரான கொல்லர் ஜோசப் ஃபாஸெட், தம் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தலைவரின் அந்தரங்க வாழ்க்கை என்று நாம் இந்த இழையில் பேசத் தொடங்கியது அவருடைய கட்டிலைப் பற்றி. ஃபாஸெட்டின் குடும்பமும் அந்த அந்தரங்க வாழ்க்கையின் செலவுக் கணக்கில்தான் விற்கப்பட்டது. இதைத் தனியாக ஒரு நாவலாக யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை.

24 மார்ச் 2024

அனுமதி பற்றிக் கேட்ட நண்பருக்கு இப்போது என்னால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. நுழையலாம். ஜெஃபர்சனின் மனத்துக்குள் புகுந்து, அவர் எழுதாமல் விட்டதை நாவலாசிரியர் எழுதலாம். எழுதவும் பாதுகாக்கவும் வசதி இருந்தும் எழுதாமல் விட்டது அவருடைய தேர்வு. சாலி விஷயம் அப்படியன்று. அவர் மௌனம் அவர் தேர்ந்ததா என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே அவருக்குள் ஓர் உணர்ச்சியை வைப்பவர் எவராக இருந்தாலும் கை நடுங்கித்தான் வைக்க வேண்டும். சேஸ்-ரிபூவின் கை பல இடங்களில் நடுங்கியிருக்கிறது, பாரிஸில் நடுங்கவில்லை.

சாலி 1835இல் சார்லட்ஸ்வில்லில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம் உறுதியாகவில்லை. ஜெஃபர்சனின் மூக்குக்கண்ணாடி, ஒரு மைக்கூடு, காலணிக் கொக்கி ஒன்று ஆகியவற்றை அவர் வைத்திருந்து பிள்ளைகளிடம் விட்டுச் சென்றதாக அவருடைய வழியினரிடையே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அன்பினால் வைத்திருந்தாரா, பிள்ளைகளுக்குத் தகப்பன் யார் என்பதற்கு அத்தாட்சியாக வைத்திருந்தாரா? 2019இல் கேட்டிருந்தால் அன்பு என்று சொல்லியிருப்பேன். பத்திர அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இன்று அத்தாட்சி என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டும் என் ஊகமே.

எதை முதலில் படிக்கலாம் என்று கேட்ட தங்கைக்கு: மேடிசனின் வாக்குமூலத்தை முதலில் படியுங்கள். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு நாவலை எடுங்கள். நான் தலைகீழாகப் படித்ததால் மகனின் குரலைத் தாயின் கற்பனைக் குரலுக்குக் கீழே வைத்துக் கேட்டுவிட்டேன். முதல் நாள் குறிப்பில் ரகசியம் என்று நான் எழுதிய சொல்லை அழிக்கவில்லை, 2 மார்ச் குறிப்பைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.